சந்தாவா, நன்கொடையா? – சங்கக் கணக்கும் வருமானவரியும்: ஒரு சின்ன வரலாறு

இந்த முறை கொஞ்சம் வறண்ட விஷயம். வருமானவரி என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். உங்கள் ஊரில் ஏதாவது ஒரு சங்கத்திற்கு வருஷா வருஷம் சந்தா கட்டுகிறீர்கள் என்றால் இது உங்கள் கதையும்தான்.

விடுமுறைக்குப் பெண்ணாடம் போயிருந்தபோது எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மஞ்சள் பையோடு வீட்டுக்கு வந்தார். ஊரில் சிலர் சேர்ந்து ஒரு சின்ன சங்கம் நடத்துகிறார்கள். ஒரு படிப்பகம், ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், வருஷத்துக்கு ஒரு விழா, அவ்வளவுதான். பதிவு செய்த சங்கம், வருமானவரித் துறையிலும் தர்ம ஸ்தாபனமாகப் பதிவு இருக்கிறது. அவர்தான் பொருளாளர்.

"தம்பி, நீ காமர்ஸ்தானே படிக்கிற? ஆடிட்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி நானே கம்ப்யூட்டர்ல ஏத்திப் பார்த்தேன். அறுபத்திரண்டாயிரம் வரி கட்டுன்னு காட்டுது. எங்க சங்கத்துக்கு வரியே கிடையாதுன்னுதானே சொன்னாங்க?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். அந்த வருஷம் மொத்த வரவு 3,00,000 ரூபாய். உறுப்பினர் சந்தா 1,00,000. கட்டட நிதி 1,50,000. விழா நன்கொடையும் உண்டியலும் 50,000. மென்பொருளில் நன்கொடைப் பகுதிக்குள் சில வரிசைகள் இருந்தன. சார் முழுத் தொகையையும் கொண்டுபோய் 'பெயர் தெரியாதோர் நன்கொடை' வரிசையில் போட்டுவிட்டார். "இருநூத்தம்பது பேரோட பேரையும் அதுல எங்க தம்பி அடிக்கிறது?" என்பது அவர் நியாயம்! அந்த வரிசைக்கு 1,00,000 ரூபாய்க்கு மேலே போகும் தொகைக்கு 30 சதவீதம் வரி. 2,00,000-க்கு 60,000. அதன்மேல் 4 சதவீதம் செஸ் 2,400. ஆக 62,400. மென்பொருள் கணக்கில் தப்பே இல்லை. நாம் கொடுத்த பெயர்தான் தப்பு.

அந்தத் தொகை போனால் அடுத்த வருஷம் நோட்டுப் புத்தகம் கிடையாது. சரி, சந்தாவுக்கும் நன்கொடைக்கும் சட்டத்தில் ஏன் இத்தனை வித்தியாசம் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட அது ஒரு பெரிய வரலாறாகப் போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இறையிலியும் மகமையும்

பொதுக் காரியத்துக்கான சொத்துக்கு வரி வேண்டாம் என்ற எண்ணம் நமக்கு வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்தது அல்ல. கோயிலுக்கு விட்ட நிலத்தை 'இறையிலி' என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. இறை என்றால் வரி. வரி இல்லாத நிலம் என்று அர்த்தம். பெண்ணாடத்தில் தூங்கானைமாடக் கோயில் நிழலில் வளர்ந்த எங்களுக்கு அந்தச் சொல் புதிதல்ல.

ஆனால் சந்தா என்பது வேறு. அது நிலம் இல்லை, ராஜா கொடுத்ததும் இல்லை. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கு இவ்வளவு என்று போடுவது. இதற்கும் பழைய சாட்சி இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் பிரான்மலையில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பல ஊர் வணிகக் குழுக்கள் கூடி, உப்பு, நெல், மிளகு, பாக்கு என்று சரக்குக்குச் சரக்கு இவ்வளவு என்று தங்கள்மேல் தாங்களே விதித்துக்கொண்டு கோயிலுக்குக் கொடுக்கச் சம்மதித்ததை அது பட்டியல் போட்டுச் சொல்கிறது.

இதே வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை பக்கத்து நாடார் வியாபாரிகளிடம் 'மகமை' என்ற பெயரில் வலுவாக இருந்தது. வியாபாரத்தில் ஒரு சின்னப் பங்கைப் பொது நிதியில் போட்டுவிட வேண்டும். முதலில் பேட்டைகளைப் பராமரிக்க, பிறகு கிணறு, கோயில், பள்ளிக்கூடம். காமராஜர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலாவுக்கு வீடு வீடாக எடுத்த பிடி அரிசியும் ஆதாரமாக இருந்தது. 1910-ல் நாடார் மகாஜன சங்கம் தொடங்கியது எங்கள் பக்கத்துக் கடலோரம்தான், கொள்ளிடத்துக்குத் தெற்கே பொறையாறில்.

மகமையைக் கவனித்துப் பாருங்கள். அதில் இரண்டும் கலந்திருக்கிறது. என் பேட்டைக்கு நான் போடும் பணம், எனக்கே திரும்பி வருகிறது. பள்ளிக்கூடத்துக்கு நான் போடும் பணம், யார் பிள்ளைக்கோ போகிறது. ஒரே ரூபாய், இரண்டு வேலை. பிற்காலத்துச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இத்தனை வருஷம் பாடுபட்டது.

1860: ஒரே வருஷத்தில் இரண்டு சட்டம்

1857 கலகத்துக்குப் பிறகு ஆங்கிலேய அரசின் கஜானா காலி. சரிக்கட்ட ஜேம்ஸ் வில்சன் என்பவரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 'தி எகானமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். 1860-ல் இந்தியாவின் முதல் வருமானவரியைக் கொண்டுவந்தார். அதே ஆகஸ்டில் கல்கத்தாவில் நோய் கண்டு இறந்தும் போனார். ஆள் போய்விட்டார், வரி நின்றுவிட்டது! (நடுவில் சில வருஷம் எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள்.)

அதே 1860-ல்தான் சங்கங்கள் பதிவுச் சட்டமும் வந்தது. இலக்கியம், அறிவியல், தர்மம் போன்ற காரியங்களுக்கு ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். சங்கமும் வருமானவரியும் இந்த நாட்டில் ஒரே வருஷத்துப் பிள்ளைகள் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தமிழ்நாடு தனக்கென்று 1975-ல் ஒரு சங்கப் பதிவுச் சட்டம் போட்டு, அது 1978 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியரின் சங்கம் பதிவானது இதன் கீழ்தான்.

1886 வருமானவரிச் சட்டம், மதத்துக்கோ பொதுத் தர்மத்துக்கோ மட்டும் பயன்படும் சொத்தின் வருமானத்துக்கு விலக்கு கொடுத்தது. 1922 சட்டமும் அதைத் தொடர்ந்தது. சொத்து வருமானம் சரி, உறுப்பினர் போடும் பணம்?

இங்கே ஒரு சுவையான வழக்கு. 1925-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கத்தில் முதல் வகுப்பு உறுப்பினர் சந்தா பணம் இல்லை, நூல்! மாதம் 1,000 கஜம், தன் கையால் நூற்றதாக இருக்க வேண்டும். இந்தச் சங்கம் கதர் விற்கிறது, அதனால் வியாபாரம், வரி கட்டு என்றது வருமானவரித் துறை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1944-ல் அங்கே சங்கத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. ஏழைகளுக்கு வேலை கொடுத்து வறுமையைக் குறைப்பதுதான் நோக்கம், உறுப்பினருக்கு லாபம் இல்லை, ஆகவே இது தர்மம் என்றார்கள்.

சென்னை கொடுத்த இரண்டு வழக்குகள்

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த விஷயத்தில் நாடு முழுவதும் மேற்கோள் காட்டும் இரண்டு வழக்குகள் நம் சென்னையிலிருந்து போனவை.

ஒன்று ஆந்திரா சேம்பர் ஆப் காமர்ஸ். பெயர் ஆந்திரா, ஆனால் இருந்தது சென்னையில். சேம்பருக்கு ஒரு கட்டடம், அதில் வாடகை வருமானம். வியாபாரிகள் சங்கம் எப்படித் தர்ம ஸ்தாபனம் ஆகும் என்றது துறை. சென்னை உயர்நீதிமன்றமும், பிறகு உச்ச நீதிமன்றமும் சேம்பர் பக்கம் நின்றன. வாணிபம் வளர்ந்தால் நாட்டுக்கே நன்மை, உறுப்பினருக்கும் கொஞ்சம் நன்மை கிடைக்கிறது என்பதால் மட்டும் பொதுநோக்கம் அழிந்துவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1965-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் இதைப் பார்க்கலாம்.

இரண்டாவது, அன்னி பெசன்ட் 1914-ல் தொடங்கிய யங் மென்ஸ் இந்தியன் அசோசியேஷன். இது விற்பனை வரி வழக்கு. காஸ்மாபாலிடன் கிளப்பும் ஊட்டி லாலி இன்ஸ்டிட்யூட்டும் கூடவே இருந்தன. உறுப்பினருக்குக் காபி, பலகாரம் கொடுத்துக் காசு வாங்கினால் அது விற்பனையா? 1970-ல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. காபி உறுப்பினர்களுடையது, காசும் அவர்களுடையது, சங்கம் நடுவில் இருந்து பரிமாறும் கை மட்டும்தான். இதைத் தாண்டத்தான் 1982-ல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள் (46-ஆவது திருத்தம்). அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் பழைய கொள்கை சாகவில்லை என்று 2019-ல் கல்கத்தா கிளப் வழக்கில் நீதிமன்றம் சொன்னது. உடனே 2021-ல் ஜிஎஸ்டி சட்டத்தைத் திருத்தி, 2017 ஜூலை 1 முதல் முன்தேதியிட்டுப் போட்டார்கள். காபிக்கு இத்தனை சண்டை!

இந்தக் கொள்கைக்குப் பரஸ்பரக் கொள்கை என்று பெயர் சொல்லலாம். ஒருவன் தன் வலது சட்டைப் பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டால் அது சம்பாத்தியம் ஆகாது. பத்துப் பேர் சேர்ந்து அதைச் செய்தாலும் அப்படியே. 1889-ல் நியூயார்க் லைஃப் இன்சூரன்ஸ் வழக்கில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை சொன்னதிலிருந்து இது வளர்ந்தது.

சர்ச்சிலின் 13 ரூபாய்

பைக்குள் இருக்கும் வரைதான் அந்தப் பாதுகாப்பு. பை ஓட்டையாகி வெளியே வந்தால்? அதற்கு உதாரணம் 2013-ல் வந்த பெங்களூர் கிளப் தீர்ப்பு.

1868-ல் ஆரம்பித்த கிளப். 1899-ல் பாக்கி வைத்தவர்கள் பட்டியலில் ஒரு பெயர், லெப்டினன்ட் டபிள்யூ.எல்.எஸ். சர்ச்சில், பாக்கி 13 ரூபாய். ஆமாம், பிற்காலத்தில் இங்கிலாந்துப் பிரதமர் ஆனவரேதான். உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இது எழுதியிருக்கிறது. சந்தா பாக்கி வைக்கும் நண்பர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம் :-)

வழக்கு வேறு விஷயம். கிளப் மிச்சப் பணத்தை வங்கிகளில் வைப்பு வைத்தது. அந்த வங்கிகளும் கிளப்பில் நிறுவன உறுப்பினர்கள். ஆகவே வட்டியும் உறுப்பினரிடமிருந்து வந்ததுதான், வரி இல்லை என்றது கிளப். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. வங்கி அந்தப் பணத்தை வெளியாருக்குக் கடன் கொடுத்துச் சம்பாதித்துத்தான் வட்டி தருகிறது, அந்த இடத்திலேயே வட்டம் உடைந்துவிட்டது, வட்டிக்கு வரி உண்டு என்றது. போடுகிறவரும் அனுபவிக்கிறவரும் ஒருவராக இருக்க வேண்டும், சங்கத்தின் நோக்கத்துக்குள் நடக்க வேண்டும், லாபத்துக்கு இடம் இருக்கக் கூடாது என்று மூன்று சோதனைகளை அந்தத் தீர்ப்பு வரிசையாக வைக்கிறது.

தர்மம் என்ற வாசல்

ஆக வரியிலிருந்து விலக இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று கிளப் வாசல்: எங்கள் பணம், எங்களுக்கே. இன்னொன்று தர்ம வாசல்: எங்கள் பணம், ஊருக்கு. ஆசிரியரின் சங்கம் போனது இரண்டாவது வாசலில். அந்த வாசலில் காவல் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது.

1961 சட்டம், அதற்குப் பிறகு தொடங்கும் ஸ்தாபனம் ஒரு குறிப்பிட்ட ஜாதி அல்லது மதத்தாரின் நன்மைக்கு மட்டும் என்றால் தர்ம விலக்கு கிடையாது என்றது. பழைய மகமை முறையில் இன்று ஒரு புதிய அறக்கட்டளை தொடங்குகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இதில்தான். 1972-ல் செய்த திருத்தம், விலக்கு வேண்டுமானால் துறையிடம் பதிவு செய்துகொள் என்றது. நன்கொடையையும் வருமானம் என்றே கணக்கில் எடுத்து, செலவு செய்ததைக் காட்டினால் விலக்கு என்ற முறையும் அப்போதுதான் வந்தது. வரவில் 75 சதவீதம் செலவு காட்ட வேண்டும் என்று இருந்ததை 2002-ல் 85 ஆக உயர்த்தினார்கள். 2006-ல் 'பெயர் தெரியாதோர் நன்கொடை'க்கு 30 சதவீத வரி. முழுக்க மதக் காரியத்துக்கான ஸ்தாபனங்களுக்கு இது இல்லை, அதனால் கோயில் உண்டியலுக்குப் பயமில்லை. 2008-ல் இன்னொரு திருத்தம். பொதுநலன் என்று சொல்லிக்கொண்டு கட்டணம் வாங்கிச் சேவை செய்யும் சங்கங்களுக்கு வரம்பு கட்டினார்கள். ஆந்திரா சேம்பர் தீர்ப்பு திறந்துவிட்ட கதவு அன்று பாதி மூடியது. 2021-ல் எல்லா ஸ்தாபனமும் பழைய பதிவை விட்டுப் புதிதாகப் பதிய வேண்டும் என்றார்கள். நன்கொடையாளர் பட்டியலைக் கணினியில் ஏற்றும் கட்டாயமும் வந்தது, பிந்தினால் நாளுக்கு 200 ரூபாய். 2025-ல் புதிய வருமானவரிச் சட்டமே நிறைவேறி, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று நாள் குறித்தார்கள்.

இத்தனை திருத்தத்துக்கும் காரணம் இருக்கிறது. தர்மத்தின் பெயரில் கறுப்புப் பணம் உள்ளே வருவதைத் தடுக்க வேண்டும். அதை நான் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய திமிங்கிலத்துக்கு விரித்த வலை, வழியில் கெண்டைக் குஞ்சையும் பிடித்துவிடுகிறது. பெரிய ஸ்தாபனத்துக்கு ஆடிட்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். படிப்பகம் நடத்தும் வாத்தியாருக்கு யார் இருக்கிறார்கள்?

அமெரிக்காவிலும் இதே தலைவலி

கடல் தாண்டிப் போன தமிழர்களுக்கும் இது விட்டபாடில்லை. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் தமிழ்ச் சங்கம் உண்டு. இவற்றின் கூட்டமைப்பான வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை 1987-ல் தொடங்கியது. லாப நோக்கில்லாத சங்கங்கள் அங்கே '990' என்ற படிவத்தை வருஷா வருஷம் போட வேண்டும். வரவு 50,000 டாலருக்குள் என்றால் மின் அஞ்சலட்டை போல ஒரு குட்டிப் படிவம் போதும்.

பெரிய படிவத்தில் உறுப்பினர் சந்தாவுக்கு இரண்டு இடம். உறுப்பினருக்குத் திரும்ப ஒன்றும் பெரிதாகக் கிடைக்காமல் ஆதரவாகக் கொடுப்பது என்றால் நன்கொடைகளோடு சேர்த்து. கொடுத்த காசுக்கு ஈடான சேவை கிடைக்கிறது என்றால் சேவை வருமானத்தோடு. கேள்வி அதே கேள்விதான். மூன்று வருஷம் தொடர்ந்து படிவம் போடாவிட்டால் வரிவிலக்கு தானாகவே போய்விடும் என்று 2006-ல் அங்கே சட்டம் வந்தது. 2011 ஜூனில் முதல் பட்டியல் வந்தபோது சுமார் 2,75,000 சங்கங்கள் விலக்கை இழந்திருந்தன. இதில் பல, செயல்படாமலே இருந்தவை என்று சொன்னார்கள். படிவம் என்று ஒன்று இருப்பதே தெரியாத சின்னச் சங்கங்களும் அதில் இருந்தன.

திரும்பப் பெண்ணாடத்துக்கு

சரி, ஆசிரியரின் 62,400 என்ன ஆயிற்று?

அவரிடம் நீள நோட்டு ஒன்று இருந்தது. சந்தா கட்டிய ஒவ்வொருவர் பெயர், தெரு, தேதி, ரசீது எண், எல்லாம் முத்து முத்தான எழுத்தில். வாத்தியார் இல்லையா! பெயர் தெரியாத பணம் என்று சட்டம் சொல்வது, கொடுத்தவரின் பெயரையும் முகவரியையும் வாங்கியவர் எழுதி வைக்காத பணத்தை. இவர் எழுதி வைத்திருக்கிறார். மென்பொருளில் தப்பான வரிசையில் ஏற்றியதுதான் பிசகு. நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை.

இரண்டு பேரும் உட்கார்ந்து பிரித்தோம். சந்தா கட்டியவருக்குப் புத்தகம் எடுக்கும் உரிமையும் ஓட்டும் உண்டு. அதனால் அது நன்கொடை இல்லை, சங்கத்தின் நோக்கத்திலிருந்து வரும் வரவு என்று மற்ற வருமானப் பகுதிக்குப் போனது. சந்தாவுக்கு வரிச்சலுகைச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்பதையும் சாருக்குச் சொன்னேன். கட்டட நிதியில், 'இதை மூலதன நிதியாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுத்தில் கொடுத்தவர்களுடையது மட்டும் மூலதன நன்கொடை. கடிதம் இல்லாதவை சாதாரண நன்கொடை. வாயால் சொன்னது கணக்கில் வராது. விழா உண்டியலில் பெயரே இல்லாமல் விழுந்தது மட்டும் அந்தப் பழைய வரிசையில் நின்றது. அது 1,00,000-க்கு வெகு கீழே, ஆகவே 30 சதவீதம் கிடையாது.

மறுபடி கணக்குப் போட்டதும் கட்ட வேண்டிய வரி என்ற இடத்தில் பூஜ்யம் வந்தது. 85 சதவீதம் செலவுக்கான ரசீதுகளும் இருந்தன. மிச்சத்தை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

சார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப இந்த வருஷத்துலேர்ந்து ரசீதுப் புத்தகத்தை மூணா அடிச்சிடலாம் தம்பி. சந்தாவுக்கு வெள்ளை, நன்கொடைக்கு மஞ்சள், கட்டடத்துக்குப் பச்சை" என்றார். 160 வருஷத்துச் சட்டமும் இத்தனை கோர்ட்டும் சொன்னதை அவர் மூன்று நிறத்தில் முடித்துவிட்டார்.

எனக்குத் தோன்றுவது இதுதான். சட்டம் எத்தனை முறை மாறினாலும் அது கேட்கும் கேள்வி ஒன்றே: இந்தப் பணம் யாருடையது, யாருக்குப் போகிறது? அதற்குப் பதில் மென்பொருளில் கிடைக்காது. பணம் வாங்கும் அந்த நிமிஷத்தில் ரசீதில் எழுதுகிற ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. அடுத்த முறை உங்கள் ஊர்ச் சங்கத்துக்குப் பணம் கொடுக்கும்போது, சந்தாவா நன்கொடையா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பொருளாளர் உங்களை முறைத்தாலும் பரவாயில்லை, மார்ச் மாதம் நன்றி சொல்வார்.